பத்துவிரல் மூடாமல் போன மேசை

1

இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்த என் அக்கா, என்ன நினைத்தாளோ, தட்டோடு திரும்ப உட்கார்ந்து சொன்ன கதை. கை காய்ந்துபோகும்வரை சொன்னாள்.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவேட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அத்தனை வருடத்தில் அங்கே நடந்த எதையும் வீட்டில் வாய் திறந்து சொன்னதில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை அங்கே பத்து நாள் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்து, எங்கள் வாசலில் நின்று தழும்பைக் காட்டினார். அவருடைய கோப்பைத் தன் கையாலேயே அடுக்கி வைத்திருந்த அக்கா, "அப்படியா, எப்போ?" என்று கேட்டாள். அவ்வளவு அழுத்தக்காரி. அப்படிப்பட்டவள் நான் கேட்காமலே ஆரம்பித்தாள்.

"எங்க செக்சன்ல செத்துப்போன ஒருத்தி காலையில வேலைக்கு வந்துட்டிருக்கா. நீ இதை எழுது."

அக்கா என்னை எழுதச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் எழுதியவற்றைப் பற்றி அவள் அதுவரை சொன்ன ஒரே விமர்சனம், "உன் கதை எதுலயும் முடிவே வர மாட்டேங்குதே, ஏன்?" என்பதுதான். மூன்று நிபந்தனைகள் போட்டாள். ஊர் பேர் வரக்கூடாது. எழுதியதை முதலில் அவளிடம் காட்ட வேண்டும். அவள் அடிக்கச் சொன்ன இடத்தை மறுபேச்சு இல்லாமல் அடிக்க வேண்டும்.

[அடைப்புக்குறிக்குள் ஒன்று. மூன்று மாதத்துக்கு முன் என் கழுத்திலிருந்த ஒரு கட்டியை அதே மருத்துவமனையில் எடுத்து, திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்துவிட்டது, வந்து வாங்கிக்கொண்டு டாக்டரைப் பாருங்கள் என்று மூன்று முறை ஃபோனில் கூப்பிட்டுவிட்டார்கள். நான் இன்னும் போகவில்லை. முடிவு என்றாலே எனக்கு ஆகாது. இந்த அடைப்புக்குறியைப் போடும்போது இது கதைக்கு வெளியே உள்ள விஷயம் என்றுதான் நினைத்தேன்.]

2

தொடக்கம் ஒன்று:

"காலை ஏழு நாற்பது. பூட்டிய அறைக்குள் ஜன்னலோரத் திரை ஒளிர்ந்தது. யாரும் உட்காராத நாற்காலி மெல்லத் திரும்பி"

வேண்டாம். நாற்காலி திரும்பியதாக அக்கா சொல்லவே இல்லை. மூன்றாவது வாக்கியத்திலேயே பொய் புகுந்துவிட்டது.

தொடக்கம் இரண்டு:

"நோயாளிகளின் தகவல்களைப் பாதுகாப்பது இன்றைய மருத்துவத் துறையின் தலையாய கடமைகளுள்"

இது கதையா, கண்காட்சியில் கையில் திணிக்கும் துண்டுப் பிரசுரமா? அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று:

"பத்துவிரல் இறந்துபோனது அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கு நான்கு நிமிடம்"

(செத்துப்போனவளின் பட்டப்பெயர் அது.) இதுதான் சரியான தொடக்கம். அதனால்தான் எழுத முடியவில்லை. அந்த நான்கு நிமிடத்தை அக்கா சொன்னபோது நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான்காவது பகுதிக்குத் தள்ளிப் போடுகிறேன். தள்ளிப் போடுவதில் நான் கெட்டிக்காரன் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

3

கொஞ்சம் இயந்திர விஷயம் சொல்லியாக வேண்டும். கொட்டாவி விடாமல் கேளுங்கள், பேய் இதற்குள்தான் குடியிருக்கிறது.

முன்பு அந்த மருத்துவமனையில் மேசைக்கு ஒரு கணினி இருந்தது. ஒவ்வொரு கணினிக்குள்ளும் நோயாளிகள் இருந்தார்கள். ஒருநாள் ஒரு டாக்டர் தன் மடிக்கணினியை பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டார். நாலாயிரம் பேருடைய ரத்தமும் சிறுநீரும் ரகசியமும் அந்த பஸ்ஸோடு போய்விட்டன. தெரியக்கூடாதவர்களுக்கெல்லாம் தெரிந்தது. ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. நிர்வாகம் நடுங்கிப்போய் எல்லாக் கணினியையும் எடுத்துவிட்டு விர்ச்சுவல் டெஸ்க்டாப் கொண்டுவந்தது. அக்காவின் பிரிவில் சுருக்கமாக 'மேசை' என்கிறார்கள்.

இப்போது மரமேசைமேல் இருப்பது ஒரு திரை, ஒரு விசைப்பலகை, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டிக்குள் எதுவும் கிடையாது; திருடன் தூக்கிக்கொண்டு போனால் அவனுக்கு வெறும் டப்பாதான் மிச்சம். கணினி என்று நாம் சொல்வதெல்லாம் எங்கோ பூட்டிய அறையில் சர்வர் என்ற ஒரு பெரிய பொதுக் கணினியில் ஓடுகிறது.* திரைக்கு வருவது அதன் படம். பென்டிரைவ் செருக முடியாது. எதையும் நகலெடுத்து வெளியே கொண்டுபோக முடியாது. யாருடைய மேசையோ அவருடைய ஊழியர் எண் திரையின் குறுக்கே எப்போதும் மங்கலாகத் தெரிந்துகொண்டிருக்கும். ஃபோனில் படமெடுத்தால் யார் எடுத்தது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆளுக்கு ஒரு கார்டு. பெட்டியில் செருகி நாலு இலக்க எண்ணை அடித்தால் உங்கள் மேசை விரியும். கார்டை உருவினால் திரை கறுத்துப்போகும். ஆனால் மேசை மூடிக்கொள்வதில்லை. அது சர்வரில் அப்படியே இருக்கும். மூன்றாம் மாடியில் பாதி வாக்கியத்தில் உருவிவிட்டு ஏழாம் மாடியில் செருகினால், அதே பாதியில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். உருவும்போது போவது படம்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

* எந்தத் தளம் என்று எழுதியிருந்தேன். அக்கா அடித்துவிட்டாள். "அது எதுக்கு ஊருக்கு?"

4

மற்றவர்கள் இரண்டு விரலால் கொத்திக்கொண்டிருந்த காலத்தில் பத்து விரலாலும் அடித்தபடி வேலைக்கு வந்து சேர்ந்தவள் என்பதால் அவளுக்குப் பத்துவிரல் என்று பெயர் வந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, நோயாளி வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் சுருக்க அறிக்கையை அடிப்பது அவள் வேலை. எட்டு மணிக்குத் தொடங்கும் வேலைக்கு ஏழு நாற்பதுக்கே வருவாள். காவலாளியிடம் சாவி வாங்கி அறையைத் திறப்பவள் அவள்தான். ஜன்னலோர நாற்காலி. அதற்கு அடுத்த நாற்காலியில் பதினோரு வருடமாக என் அக்கா.

பத்துவிரலுக்கு ஒரு பழக்கம். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் சரி, வீட்டுக்குக் கிளம்பினாலும் சரி, கார்டை உருவுவதற்கு முன்னால் கர்சரை மேலே கொண்டுபோய் நோயாளியின் பெயருக்கு முன்னால் நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ஏன் என்று அக்கா ஒருமுறை கேட்டிருக்கிறாள். நோயில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது முதலில் கண்ணில் படுவது நோய். பேரில் விட்டுவிட்டுப் போனால் முதலில் படுவது ஆள் என்றாளாம். இதை நான் நாலு விதமாக அழகுபடுத்தி எழுதிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் நன்றாக இருக்கிறது.

சரி. தள்ளிப் போட்டது இனி தள்ளாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால். பத்துவிரல் காதில் மாட்டியபடி ஒரு அறிக்கையை அடித்துக்கொண்டிருந்தாள். விசைகளின் சத்தம் நின்றது. ஒலியைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்கிறாள் என்று அக்கா நினைத்தாள். டாக்டர்கள் வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டே பேசுவார்கள். இரண்டு மூன்று தடவை கேட்டால்தான் புரியும். விரல்கள் பத்தும் விசைப்பலகைமேல்தான் இருந்தன. கண் திறந்திருந்தது. நான்கு நிமிடம் கழித்து ஏதோ கேட்பதற்காகத் திரும்பிய அக்கா தோளைத் தொட்டாள்.

"முதல்ல நான் என்ன செஞ்சேன் தெரியுமாடா? டாக்டரைக் கூப்பிடல. கார்டை உருவினேன்."

ஆள் இல்லாத திரை திறந்திருக்கக்கூடாது என்பது அங்கே முதல் விதி. இருபத்திரண்டு வருடம் ரத்தத்தில் ஊறிப்போன விதி. பக்கத்தில் இருப்பவள் போய்விட்டாள் என்று அக்காவின் மூளைக்கு எட்டுவதற்குள், திரைக்கு முன்னால் ஆள் இல்லை என்று கைக்கு எட்டிவிட்டது. கார்டை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் கத்தினாள்.

அறிக்கை கடைசியாக நின்ற இடம்: "திசுப் பரிசோதனை முடிவு:". அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கர்சர் பெயருக்குத் திரும்பவில்லை.

5

ஊழியர் இறந்தால் அவருடைய மேசையை மூடிவிட வேண்டும். ஆனால் பத்துவிரலின் மேசையில் சேமிக்காத அறிக்கை ஒன்று திறந்து கிடந்தது. நோயாளியின் தகவலை யாரும் அழிக்கக்கூடாது என்பது இரண்டாவது விதி. சேமிக்க உரிமை உள்ளவள் பத்துவிரல் மட்டும். வேறொருவர் திறந்து சேமிக்க ஒரு குழு கூடி அனுமதி தர வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். அதுவரை மேசையைத் தொடாதே என்று உத்தரவு வந்தது.

சர்வரைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் பெட்டிக்காரர் என்பார்கள். தலையில் ஒரு முடி இல்லாத, ஓய்வுபெற நான்கு வருடம் மிச்சமுள்ள, நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சமும் இல்லாத மனிதர். அவர் வேடிக்கைக்குச் சொல்பவர் இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவு வர்ணனை. அவர் அக்காவிடம் சொன்னது:

"சர்வருக்கு அவங்க இறந்தது தெரியாது மேடம். ஆள் எழுந்து தண்ணி குடிக்கப் போயிருக்காங்கன்னுதான் அது நெனச்சுக்கிட்டிருக்கு."

பத்துவிரல் போய் பதினோரு வாரம் கழித்து அவர் கையில் ஒரு தாளோடு வந்தார். யார், எப்போது, எந்தப் பெட்டியிலிருந்து தன் மேசையைத் திறந்தார் என்பதைச் சர்வர் ஒன்று விடாமல் குறித்து வைக்கும். பத்துவிரலின் மேசை அவள் போன பிறகு பத்தொன்பது முறை திறக்கப்பட்டிருந்தது. எல்லாமே ஜன்னலோரப் பெட்டியிலிருந்து. எல்லாமே காலை ஏழு நாற்பதுக்கு. ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம்.

(இந்த இடத்தில் "அக்காவின் முதுகுத்தண்டில் சில்லென்று" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அக்காவுக்குச் சில்லிட்டது முதுகில் இல்லை, வயிற்றில். சரியாகக் கேட்டு எழுதுவதுதான் அவளுக்கு நான் செய்யும் மரியாதை.)

6

இதுவரை எழுதிவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். அக்கா என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கதையில் ஒருவர் ஒரு பொருளைச் சட்டைப் பையில் போட்டால், அது எங்கே போயிற்று என்று கதாசிரியர் கேட்டாக வேண்டும். அக்கா கார்டை உருவினாள், பையில் போட்டாள். பிறகு? அதை அவள் சொல்லவில்லை. நானும் ஞாயிற்றுக்கிழமை கேட்கவில்லை. இன்னொன்று: பாதியில் நின்ற அறிக்கை யாருடையது? இதையும் கேட்காமல் ஐந்து பகுதி எழுதிவிட்டேன். என்னைப் போன்ற ஒருவன் கதை எழுதப் புறப்பட்டதே தப்பு.

காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். எனக்குக் கட்டியை எடுத்தது ஒரு திங்கட்கிழமை. திசு முடிவு வர ஒரு வாரம் ஆகும், அதற்குப் பிறகுதான் முழு அறிக்கை அடிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எட்டு நாள் கழித்து வருவது பத்துவிரல் போன அந்தச் செவ்வாய்.

அங்கே மூன்றாவது விதி ஒன்று உண்டு. சொந்தக்காரர் கோப்பை ஊழியர் திறக்கக்கூடாது. வேலையில் சேரும்போதே குடும்பத்தார் பட்டியலை எழுதி வாங்கிவிடுவார்கள். பட்டியலில் உள்ளவரின் கோப்பைத் தொட்டால் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கு உடனே எச்சரிக்கை போகும். அக்காவின் பட்டியலில் என்னையும் சேர்த்து மூன்றே பேர். கட்டு பிரித்த அன்று அக்கா என்னிடம் சாதாரணமாகச் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. "உன்னோடதைப் பத்துவிரல்கிட்ட குடுக்கச் சொல்லிருக்கேன். ஒரு எழுத்து தப்பாகாது."

முதல் பகுதியில் நான் போட்ட அடைப்புக்குறியை இப்போது எடுத்துவிடலாம். அழித்துப் பார்த்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன். நான் எவ்வளவு கோழை என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும்.

7

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

கார்டு அவளிடம்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துபோனது முதல் வாரம். கொடுக்காமல் வைத்துக்கொண்டது அதற்குப் பிறகு. நான் முடிவை வாங்கப் போகவில்லை, ஃபோனை எடுக்கவில்லை, கேட்டால் "போறேன் போறேன்" என்று மழுப்பினேன். அவளால் என் கோப்பைத் திறக்க முடியாது. ஆனால் பத்துவிரலால் முடியும். பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அந்த நாலு இலக்க எண் தெரியாமல் இருக்குமா? ஒருநாள் சீக்கிரம் போய், காவலாளியின் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கி, இறந்தவளின் கார்டை இறந்தவளின் பெட்டியில் செருகினாள்.

திரை விரிந்தது. பத்துவிரலின் ஊழியர் எண் குறுக்கே மங்கலாக. "திசுப் பரிசோதனை முடிவு:" என்ற இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வெறுமை. அக்கா அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, எதையும் தொடாமல் கார்டை உருவினாள்.

எட்டு நாள் கழித்து மறுபடி போனாள். எதற்குப் போனாய் என்று கேட்டேன். பத்துவிரலோடு கொஞ்ச நேரம் இருக்கலாமென்று போனேன் என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு துணியை எடுத்து மடித்தாள்.

அந்த இரண்டாம் முறை திரை விரிந்தபோது கர்சர் அவள் விட்ட இடத்தில் இல்லை. மேலே, என் பெயருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. கீழே பார்த்தாள். வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு வரி முழுதாக அடிக்கப்பட்டிருந்தது.

"என்ன வரி?"

"சொல்ல மாட்டேன்."

"நல்லதா, கெட்டதா, அதையாவது சொல்லு."

"யார் அடிச்சதுன்னே தெரியாத ஒண்ணை நான் எப்படி உன்கிட்ட சொல்வேன்? நிஜமானது லேப்ல இருக்கு. உன் பேர் போட்டு கவர்ல வெச்சிருக்காங்க. போய் வாங்கு."

கார்டை எத்தனை முறை செருகினாய் என்று கேட்டேன். இரண்டு என்றாள். பெட்டிக்காரரின் தாளில் பத்தொன்பது இருக்கிறதே என்றேன்.

"அதுக்குத்தான்டா பயந்துபோய் உன்கிட்ட சொன்னேன்."

[இங்கே அந்த வரி என்னவாக இருக்கும் என்று நான் ஊகித்து மூன்று விதமாக எழுதியிருந்தேன். அக்கா மூன்றையும் கறுப்பு மையால் அடித்துவிட்டாள். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் தெரியாதபடி அடித்திருக்கிறாள். நோயாளித் தகவலாம்.]

8

மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவில் பத்துவிரல்தான் வருகிறாள். அவளுக்கு உடம்பு போய்விட்டது. ஆனால் மேசை போகவில்லை. கார்டை உருவினால் படம்தான் போகும் என்று மூன்றாம் பகுதியில் சொன்னேனே. பாதியில் நின்ற வேலை அவளை இழுத்துக்கொண்டிருக்கிறது. வரியை முடித்தாள், கர்சரைப் பெயருக்குக் கொண்டுபோனாள், போய்விட்டாள். எழுதச் சுலபமான முடிவு. ஆனால் வேலை முடிந்த பிறகும் ஏன் வந்துகொண்டிருக்கிறாள் என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

இரண்டாவது முடிவில் பத்தொன்பது முறையும் அக்காதான். துக்கத்தில் இருப்பவர்கள் செய்ததை மறப்பார்கள்; வரியையும் அவளே அடித்திருக்கலாம். அறிவுக்குப் பொருந்துகிற முடிவு இதுதான். இதைக் கெடுப்பது காவலாளியின் சாவிப் பதிவேடு. ஏழு நாற்பதுக்கு அறையைத் திறந்ததாக அக்காவின் கையெழுத்து அதில் இரண்டு நாள்தான் இருக்கிறது. மற்ற பதினேழு நாளும் எட்டு மணிக்குத்தான் சாவி போயிருக்கிறது.

மூன்றாவது முடிவு இன்று காலை பல் தேய்க்கும்போது தோன்றியது. இதில் பேயும் இல்லை, கார்டும் இல்லை, பத்தொன்பதும் இல்லை. தம்பி ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்கிறான். கெஞ்சியாகிவிட்டது, திட்டியாகிவிட்டது. அவனுக்கு ஒரே ஒரு பலவீனம்: பாதிக்கதையை வைத்துக்கொண்டு அவனால் தூங்க முடியாது. அதனால் இருபத்திரண்டு வருடம் வாய் திறக்காதவள் ஒரு கதையைக் கட்டி, அதன் முடிவைக் கொண்டுபோய் அவனுடைய பரிசோதனை முடிவு இருக்கும் கவருக்குள் வைத்துவிட்டாள். வேண்டுமென்றால் போய் வாங்கிக்கொள் என்று.

இது உண்மையென்றால் எங்கள் வீட்டில் எழுத்தாளர் நான் இல்லை. எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. பயம் போய், சிரிப்புகூட வந்தது. அக்காவிடமே கேட்டுவிடலாம் என்று கீழே இறங்கினேன்.

அவள் வேலைக்குப் போகவில்லை, கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் கார்டைத் தகவல் பாதுகாப்பு அதிகாரியின் மேசையில் வைத்து நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் பத்தொன்பது பதிவையும் அச்சிட்டுக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். "ரெண்டு என்னோடது, அதுக்குப் போடறேன். மிச்சத்துக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தை எனக்குக் காட்டினாள். தூண்டில் போடுவதற்காக ஒருத்தி தன் வேலையையே

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. எனக்காக அவள் வேலையைப் பணயம் வைத்திருக்கிறாள். நான் மாடியில் உட்கார்ந்து முடிவுகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.)

9

நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தபோது பெட்டிக்காரர் ஃபோனில் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். கார்டைக் கவரில் போட்டு முத்திரை வைத்து அவருடைய லாக்கரில்தான் பூட்டியிருக்கிறார்களாம். முத்திரை உடையவில்லையாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"இன்னிக்குக் காலையில இருபது ஆயிடுச்சு மேடம். ஏழு நாப்பது."

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கர்சர் எங்கே நிற்கிறது?

"உள்ள இருக்குறதைப் படிக்க எனக்கு அனுமதி கிடையாது, படிக்கல. கர்சரை மட்டும் பார்த்தேன். மேல, பேருக்கு முன்னால நிக்குது."

அக்கா ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இந்த முறை போய் வாங்கு என்று சொல்லவில்லை. எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனாள்.

இனி நடந்தது எனக்கு நடந்தது. அக்கா சொன்ன கதை இல்லை. நான் மாடிக்குத் திரும்பி வந்தேன். என் கணினி சாதாரணக் கணினி. எந்தச் சர்வரோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை; இருப்பதெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. "தூண்டில் போடுவதற்காக ஒருத்தி தன் வேலையையே" என்று எழுதி, அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, முகம் கழுவப் போனேன். அக்கா கீழேதான் இருந்தாள். அவள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

இந்தக் கோப்பில் முதல் வரி தலைப்பு. இரண்டாவது வரி என் பெயர். (உங்கள் கைக்கு வரும் தாளில் அக்கா அதை அடித்திருப்பாள்.) கர்சர் நான் விட்ட வாக்கியத்தில் இல்லை. ஒன்பது பக்கம் மேலே, என் பெயருக்கு முன்னால் நின்று துடித்துக்கொண்டிருந்தது.

எழுந்திருக்கும்போது கை ஏதோ விசையில் பட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த இடத்திலிருந்து பார்த்தபோது, மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் கண்ணில் முதலில் கட்டி படவில்லை. நான் பட்டேன்.

முடிவை எழுத மாட்டேன். மணி இப்போது பத்தரை. லேபில் கவர் கொடுக்கும் ஜன்னல் ஒரு மணிவரை திறந்திருக்கும். சட்டையை மாட்டிவிட்டேன், செருப்பு வாசலில் இருக்கிறது, அக்கா கைப்பையோடு கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேனா, கவருக்குள் என்ன இருந்தது, அது பத்துவிரலின் மேசையில் இருந்த வரியோடு ஒத்துப்போனதா, எல்லாவற்றையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நல்லதாக எழுதுங்கள், கெட்டதாக எழுதுங்கள், அது உங்கள் விருப்பம். எழுதி முடித்து எழுந்திருக்கும்போது மட்டும், அந்த வரியிலேயே என்னை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கர்சரை மேலே கொண்டுவந்து, பேர் அடிபட்டுக் கிடக்கிற அந்த இடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போங்கள்.